ஹைபிறிட் வாங்கமுதல் ஒரு கொப்பி வாங்குங்கோ

பின்னேரம் ஐந்து மணி தாண்டினால் என்ர கராச் வாசல் வேம்புக்குக் கீழே பெடியள் கூடிவிடுவார்கள். கார் திருத்த வருகிற ஆட்கள் இல்லை. மூன்று பேரிடம் மோட்டார் சைக்கிள், ஒருவனிடம் தகப்பனின் ரொயோட்டா அக்குவா, பெற்றோல் இஞ்சினோடு மின்மோட்டரும் பெரிய பற்றரியும் சேர்ந்த சின்ன ஹைபிறிட், அவ்வளவுதான். ஆனால் கதை முழுக்க பெராரி, லம்போகினி, மக்லறன். போன கிழமை நடந்த சண்டை லம்போகினி றெவுவெல்ரோவா பெராரி எஸ்எப்90ஆ என்று, இரண்டும் ஹைபிறிட்தான். ஒருவன் 6.5 லீற்றர் வி12 இஞ்சினோடு மூன்று மோட்டர், 1015 குதிரைவலு என்றான். மற்றவன் 1000 காணும், பெராரிதான் பெராரி என்றான். சுவிசில் இருந்து திருவிழாவுக்கு வந்து நின்ற என் மருமகன், மக்லறன் டபிள்யூ1 மொத்தம் 399தான் செய்யினம், உங்களுக்குக் கிடைக்காது என்று எல்லாருக்கும் தண்ணி ஊற்றினான். தங்களுக்குக் கிடைக்கப்போகிறது என்று அதுவரை நினைத்திருந்தவர்கள் மாதிரி மற்றவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டார்கள்.

அந்த நேரம்தான் அக்குவாக்காரன் கேட்டான். "அங்கிள், அப்பா வாங்கி எட்டு மாசம். இப்ப ஹைபிறிட்டைச் சோதிக்கச் சொல்லி லைற் எரியுது. பற்றரி மாத்த எவ்வளவு முடியும்?"

வாங்கமுதல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பெராரி வாங்குகிறவனும் அதைத்தான் முதல் கேட்கவேணும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, பிறகு காரை எப்படிப் பார்ப்பது என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு கொப்பி. கைத்தொலைபேசி வேண்டாம், கொப்பி. நடுவில் கோடு கிழியுங்கோ. இடப்பக்கம் "ஓடினால் வாற செலவு", வலப்பக்கம் "நிண்டாலும் வாற செலவு".

இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. அப்பா ஓடினது ஒஸ்ரின் ஏ40. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்து மாதிரி. சின்னப் போத்தலில் நாலு சொட்டு எடுத்துக் காபிறேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எங்கள் ஊரின் முதல் ஹைபிறிட் அதுதான் என்று நான் பெடியளுக்குச் சொல்லுவேன், சிரிப்பார்கள். மண்ணெண்ணெய் ஓடி முடியப் புகையும் மணமும் மட்டும் மிஞ்சவில்லை. எரியாத மண்ணெண்ணெய் இஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணி ஆக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். அப்பா இதையெல்லாம் ஒரு சிட்டைக் கொப்பியில் எழுதி வைத்தார். அதில்தான் அந்தக் கோடு இருந்தது. மண்ணெண்ணெயின் மலிவை மட்டும் பார்த்தவர்கள் ஒருநாள் பெயாரிங் தட்டுப்படக் கராச்சுக்கு வந்தார்கள். அப்பா ஒவ்வொரு வாடகையிலும் ஒயிலுக்கும் பிளக்குக்கும் ஒரு பங்கை எடுத்து வைத்தபடியால் தப்பினார்.

இடப்பக்கம் நிரப்புவது சுகம். பெற்றோல், இஞ்சின் ஒயில், பிறேக், ரயர் தேய்மானம். எல்லாருக்கும் தெரிந்தவை. வலப்பக்கத்தில்தான் ஆட்கள் சறுக்குவது. இன்சூரன்ஸ், வருட லைசன்ஸ், லீசிங் வட்டி, காரின் விலை இறங்குவது, பன்னிரண்டு வோல்ற் சின்னப் பற்றரி. இவற்றோடு ஹைபிறிட் பற்றரியையும் இந்தப் பக்கம் எழுதுங்கோ. முக்கால்வாசிப் பேர் அதை ஓட்டச் செலவில் எழுதுகிறார்கள், குறைய ஓடினால் குறையப் பழுதாகும் என்று நம்பி. பற்றரி கிலோமீற்றருக்கும் தேயும்தான், ஆனால் நாளுக்கும் வெக்கைக்கும் கூடத் தேயும். போர்ட்டிக்கோவில் மூடி வைத்த காரின் பற்றரியும் கிழவியாகும்.

இப்ப கணக்கு. தொகைகள் மாதிரிக்குத்தான், உங்கள் தொகையை நீங்கள் போடுங்கோ. மாதம் 1000 கிலோமீற்றர் ஓடுகிறவர் என்று வைப்போம். சாதாரணக் கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர், ஹைபிறிட் 20. முதலாவதுக்கு 83 லீற்றர், இரண்டாவதுக்கு 50. மிச்சம் 33 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்றால் ஏறத்தாழ பத்தாயிரம் ரூபா மாதம் மிச்சம். பற்றரி மாற்ற நாலு இலட்சம் கேட்கிறார்கள், புதுப் பற்றரி ஐந்து வருடம் ஓடும் என்று வைத்தால் மாதம் 6,700 ரூபா ஒதுக்கவேணும். பத்தாயிரத்தில் அதைக் கழித்தாலும் 3,300 கையில். பரவாயில்லை.

அதே காரை என் மனைவி ஓடினால்? அவ திருநெல்வேலிச் சந்தை, பள்ளிக்கூடம், கோயில் என்று மாதம் 250 கிலோமீற்றர்தான் ஓடுவா. மிச்சம் எட்டு லீற்றர் சொச்சம், 2,500 ரூபா. பற்றரிக்கு ஒதுக்கவேண்டியது அதே 6,700. ஒவ்வொரு மாதமும் நாலாயிரத்துக்கு மேல் கைநட்டம். அவவுக்கு ஹைபிறிட் தேவையில்லை என்று சொன்னேன். சத்தம் இல்லாமல் போகுது, ஏசி நல்லாக் குளிருது என்று வாங்க வைத்தா. அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் அதைக் கொப்பியில் "மிச்சம்" என்று எழுதக்கூடாது.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் எரிபொருள் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த நேரம் அக்குவாக்காரர் ராசாக்கள். இருபது லீற்றரில் கொழும்புக்கு ஒருவழி ஓடலாம். பிறகு எல்லாரும் ஹைபிறிட் தேடி ஓடினார்கள், கோடு கிழித்துப் பார்த்தவர் குறைவு.

பெடியளின் கார்களுக்கு வருவோம், அவர்கள் காத்திருக்கிறார்கள். பெரிய ஹைபிறிட்டுகளில் இடப்பக்கத்துக்கு அர்த்தமே இல்லை. அந்த மோட்டரும் பற்றரியும் பெற்றோல் மிச்சம் பிடிக்க வைத்தவையல்ல, உதைப்புக்கு வைத்தவை. 2013இல் மூன்று பேர் ஒன்றாகக் களத்தில் இறங்கினார்கள். போர்ஷ 918இல் 6.8 கிலோவோற் மணித்தியாலப் பற்றரி, மக்லறன் பி1இல் 4.7, லாபெராரியில் வெறும் 2.3. லாபெராரியை வீட்டுப் பிளக்கில் குத்தி ஏற்றவும் முடியாது, மின்சாரத்தில் மட்டும் ஓடவும் முடியாது. பிறகு 2019இல் வந்த எஸ்எப்90இல் 7.9, மின்சாரத்தில் 25 கிலோமீற்றர். அதாவது கொக்குவிலில் இருந்து சாவகச்சேரிக்குப் போகலாம், திரும்பி வர வி8ஐ எழுப்பவேணும். ஹைபிறிட் சாமான்களின் பாரம் மட்டும் 270 கிலோ.

இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் வருடத்தில் எத்தனை நாள் ஓடுவார்கள்? மருமகனே சொன்னான், தன்ர முதலாளியின் கார் குளிர்காலம் முழுக்கச் சார்ஜரில் குத்தினபடி நிற்குமாம். அப்போ செலவு முழுக்க வலப்பக்கம். பெராரி இதை விளங்கிக்கொண்டுதான் 2024இல் ஒரு திட்டம் கொண்டு வந்தது. வருடா வருடம் காசு கட்டினால் 8ஆம் வருடத்திலும் 16ஆம் வருடத்திலும் பற்றரியை மாற்றித் தரும். பழுதானால் மாற்றுவதல்ல, வயது வந்தால் மாற்றுவது. அப்பாவின் சிட்டைக் கொப்பிதான் இத்தாலிக்குப் போயிருக்கிறது.

"ஆனா அங்கிள், பெராரிக்கு ஏழு வருஷம் சேர்விஸ் சும்மா." சரி. குறித்த கால சேர்விஸ், 20,000 கிலோமீற்றருக்கோ வருடத்துக்கோ ஒருக்கா. ரயரும் இன்சூரன்சும் அதுக்குள் வராது.

இங்கே கொண்டு வந்தால்? 918, பி1, லாபெராரி மூன்றும் இடப்பக்க ஸ்ரியறிங் மட்டும்தான். அந்த மூன்றையும் இப்பவே கொப்பியில் வெட்டிவிடுங்கோ, இங்கே சாதாரணமாகப் பதிய முடியாது. மற்றவற்றுக்கு வரி. ஐந்து வருடம் பூட்டிக் கிடந்த இறக்குமதியை 2025இல் திறந்தபோது பெற்றோல் ஹைபிறிட்டுக்கு வைத்த ஆடம்பர வரி, 55 இலட்சத்தைத் தாண்டும் பெறுமதிக்கு 80 வீதம். பத்துக் கோடிப் பெறுமதியான கார் என்றால் அந்த ஒரு வரி மட்டும் 7 கோடி 56 இலட்சம். இஞ்சின் அளவுக்கு உற்பத்தி வரி, 18 வீத வற் எல்லாம் அதுக்கு மேலே. அதோடு எங்கள் வீதித் தடைமேடுகள். தாழ்ந்த கார் ஒன்று கோண்டாவில் உள்வீதியில் வயிறு தட்டாமல் போவதை நான் பார்க்கவேணும்.

சரி, நீங்கள் வாங்கப்போவது ரொயோட்டாவின் அக்குவாவோ பிறியஸோதான். பார்க்கப் போகும்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

விடிய வாறேன் என்று சொல்லுங்கோ. இஞ்சின் குளிர்ந்து இருக்கவேணும். விற்கிறவர் முன்னமே ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேறு நாள் வாறேன் என்று எழும்புங்கோ. 2009இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிறியஸில் இஞ்சினுக்குத் திரும்பிப் போகும் புகையைக் குளிர்விக்கிற புகைச் சுழற்சிக் கூலர் கரி பிடித்து அடைபடும், அது நாளடைவில் இஞ்சின் தலைக்குக் கீழே அடைப்பாக இருக்கும் ஹெட் காஸ்கற்றைத் தின்னும். காலைக் குளிரில் முதல் ஸ்ராட்டில் இஞ்சின் உதறிக் கடகடத்தால் அதுதான் அறிகுறி. இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், கூலன்ற், அதன் தாங்கியில் அளவு குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கோ. சூடான இஞ்சினில் இந்தச் சத்தம் ஒளித்துக்கொள்ளும்.

போனட்டுக்குள் இரண்டு கூலன்ற் தாங்கி இருக்கும். ஒன்று இஞ்சினுக்கு, மற்றது பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வேற்றருக்கு. இரண்டாவதை ஆட்கள் மறந்துவிடுவார்கள். அதைவிடக் கொடுமை, குறையுது என்று கிணற்றுத் தண்ணி விடுவது. எங்கள் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வாற தண்ணி, கேத்திலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படையைப் பார்த்திருப்பீர்கள்தானே? அதேதான் இன்வேற்றரின் மெல்லிய வழிகளுக்குள்ளும் பிடிக்கும். தாங்கியில் இளஞ்சிவப்பு நிறம் தெரியவேணும். நிறமில்லாத தண்ணி தெரிந்தால் அந்த வீட்டில் மற்றப் பராமரிப்பும் அப்படித்தான்.

பிறகு ஸ்கானர், காரின் கொம்பியூட்டர் பதிந்து வைத்த பிழைக் குறிகளை வாசிக்கும் கருவி. வாகன எலெக்றீசியன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ, அல்லது புளூரூத்தில் வேலை செய்யும் சின்ன ஓபிடி கருவியை வாங்கிப் போனில் பாருங்கோ. பிழைக் குறிகள் இல்லை என்றால் சந்தோசப்படவேண்டாம். விற்கமுதல் அழிப்பது ஒரு நிமிட வேலை. "குறிகள் அழித்த பிறகு ஓடிய தூரம்" என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடுங்கோ. அதில் 12 கிலோமீற்றர் என்று கிடந்தால், நேற்றுப் பின்னேரம் யாரோ அழித்திருக்கிறார்கள். பி0ஏ80 என்ற குறி வந்தால் அது பற்றரிப் பெட்டியையே மாற்றச் சொல்வது.

குறியைவிட வோல்ற்றைப் பாருங்கோ. மூன்றாம் தலைமுறைப் பிறியஸின் பற்றரி 28 துண்டு, 14 சோடியாகக் காட்டும். மொத்தம் 201.6 வோல்ற். அக்குவாவில் 20 துண்டு, 144 வோல்ற். நிற்கும்போது எல்லாச் சோடியும் ஒன்றுபோல்தான் இருக்கும், அப்பாவிப் பிள்ளைகள் மாதிரி. ஏசியை முழுக்கப் போட்டு, அக்சிலேற்றரை நன்றாக மிதித்து ஓடும்போது பாருங்கோ. ஒரு சோடி மட்டும் கீழே விழுந்தால் அதுதான் நோயாளி. சோடிகளுக்கு இடையில் ஒரு வோல்ற் வித்தியாசம் கண்டால் நான் அந்தக் காரை விட்டு இறங்கிவிடுவேன்.

இதில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு சிக்கல். இங்கே மேடு இல்லை. கண்டிக்காரன் காரை ஒரு ஏற்றத்தில் விட்டுப் பார்ப்பான், எங்களுக்கு அந்த வசதி கிடையாது. பலமில்லாத பற்றரி தட்டை நிலத்தில் வருடக் கணக்கில் நடித்துக்கொண்டு ஓடும், நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகும்போதுதான் குட்டு வெளிப்படும். அதற்கு நான் செய்யும் வேலை, என் கராச்சின் வாசல் சரிவில் காரைப் பின்னுக்கு ஏற்றச் சொல்வது. ரொயோட்டா ஹைபிறிட்டில் றிவேர்ஸ் கியர் என்று தனியாக ஒன்று இல்லை, மோட்டர்தான் எதிர்ப்பக்கம் சுற்றும். பற்றரி செத்தால் பின்னுக்கு ஏறாமல் முனகும். இதைச் சொன்னபோது எஸ்எப்90 கட்சிக்காரன் துள்ளி எழும்பினான். அதிலும் றிவேர்ஸ் கியர் இல்லை, முன் மோட்டர்கள்தான் பின்னுக்கு எடுக்கும். தகப்பனின் அக்குவாவுக்கும் பெராரிக்கும் உறவு கண்டுபிடித்த சந்தோசத்தில் அன்று எல்லாருக்கும் அவன்தான் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான்.

பின் சீற்றைத் தூக்காமல் வராதேயுங்கோ. சீற்றுக்குப் பக்கத்தில் ஒரு காற்றுச் சல்லடை இருக்கும், பற்றரிக்குக் காற்று போவது அதுக்குள்ளால். எங்கள் செம்மண் தூசியும் தலைமயிரும் பிஸ்கற் தூளும் சேர்ந்து காற்றாடியைச் சுற்றிக் கம்பளி விரித்திருக்கும். நான் கழற்றித் துடைக்கும் பத்துக் காரில் ஏழில் அப்படி. இதில் எனக்கே ஒரு பாடம் உண்டு. மருமகன் ஆட்களைக் கட்டுநாயக்கா கொண்டுபோய் விட வெளிக்கிட்டபோது பின்சீற்றில் கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டி இரண்டு, ஒடியல் மா, மிளகாய்த்தூள் எல்லாம் அடுக்கிச் சல்லடையை மூடிவிட்டேன். கார் எலெக்றீசியன் நான்! முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு ஏறினால் எச்சரிக்கை. பற்றரி கொதித்துவிட்டது. பெட்டியை டிக்கிக்கு மாற்றி, ஏசியைப் போட்டு அரை மணித்தியாலம் நின்றோம். பிள்ளையார் காப்பாற்றினார் என்று அக்கா சொன்னா. நான் மறுத்துப் பேசவில்லை.

ஹொண்டா பிற் ஜிபி5, 2021க்கு முந்தின வெசல் ஹைபிறிட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வரி. அவற்றில் இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டி, சன நெரிசலில் ஊர்ந்து போய்ப் பாருங்கோ. உதறல் தெரிந்தால் விலையில் குறைக்கச் சொல்லாதேயுங்கோ, வேறு கார் பாருங்கோ.

வாங்கின பிறகு செய்யவேண்டியவை கொஞ்சம்தான். ரயில் கடவையில் நிற்கும்போது கியரை நியூற்றலில் (N) போட்டுவிட்டு ஏசியில் இருக்காதேயுங்கோ. நியூற்றலில் இருக்கும்வரை பற்றரி ஏறாது, இறங்கிக்கொண்டே இருக்கும். பார்க்கிங்கில் (P) விடுங்கோ. பண்ணை, பொன்னாலைப் பாலங்களால் அடிக்கடி போகிறவர்கள் கிழமைக்கு ஒருக்கா அடிப்பக்கத்தை நல்ல தண்ணியில் கழுவவேணும். உப்புக் காற்று இணைப்புகளைப் பச்சை பூக்க வைக்கும். செம்மஞ்சள் நிற வயரை மட்டும் யாரும் தொடக்கூடாது, பெரிய பற்றரியின் மின்சாரம் அதுக்குள்ளால்தான் போகும். அதைத் திறக்கவேணும் என்றால் பற்றரியைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருந்து, அதற்கென்ற ரப்பர்க் கையுறை போட்டவர்தான் திறக்கவேணும். எங்கள் சந்தியில் ஒருவர் வெறும் ரேப் சுற்றின ஸ்குறூட்றைவரோடு வேலை செய்கிறார். பெயர் சொல்லமாட்டேன், காரும் கொடுக்கமாட்டேன்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே கார் வாங்கி விட்டிருக்கும் ஆட்களுக்கு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்காவாவது யாரையாவது பிடித்து ஓடத் தயார் என்று காட்டும் ரெடி (READY) நிலையில் அரை மணித்தியாலம் விடச் சொல்லுங்கோ. சின்னப் பற்றரி செத்தால் ஜம்பரில் எழுப்பலாம், பெரியது முழுக்க இறங்கினால் ஜம்பர் வயர் உதவாது. சின்னப் பற்றரியை மாற்றும்போது கடையில் கிடக்கும் சாதாரண ஈயப் பற்றரியைத் தூக்கி வைக்காதேயுங்கோ. அது இருப்பது நீங்கள் இருக்கும் அறைக்குள், புகை வெளியே போகக் குழாய் உள்ள வகைதான் வேணும்.

பெரிய பற்றரியைப் பற்றிக் கடைசியாக. மூன்று விலை கேளுங்கோ: புதுசு, ஜப்பானில் இருந்து கழற்றி வந்தது, "செல் மாத்தினது". மூன்றாவதுதான் மலிவு. செத்த ஒன்றிரண்டு துண்டை மட்டும் மாற்றித் தருவார்கள். பக்கத்துத் துண்டுகளும் அதே வயதுதானே, ஆறு மாதத்தில் அடுத்தது விழும். காரை விற்கப்போகிறவருக்கு அது சரி. வைத்திருக்கப்போகிறவருக்கு நான் செய்துகொடுப்பதில்லை.

அக்குவாக்காரனின் பற்றரி சாகவில்லை. காற்றாடிக்குள் ஒரு எலிக்கூடு, தங்கச்சியின் பென்சில், ஒரு மிட்டாய்க் கடதாசி. துடைத்துப் பூட்டினேன். வோல்ற் வித்தியாசம் 0.4இல் நிற்கிறது, இன்னும் ஒரு வருடம் இரண்டு வருடம் தள்ளும். தகப்பன் இப்போது மாதம் ஏழாயிரம் தனியாகப் போடுகிறார். பெடியன் தன்ர கொப்பியில் றெவுவெல்ரோவுக்கும் கோடு கிழித்துக்கொண்டிருக்கிறான், வலப்பக்கம் இரண்டாம் தாளுக்குப் போய்விட்டது.

காரைக் காட்ட வருகிறவர்கள் காலை ஏழு மணிக்குமுதல், மெதுவாகத் தள்ளி வந்தாலும் பரவாயில்லை, இஞ்சின் குளிராக வாங்கோ. வெள்ளிக்கிழமை வேண்டாம், நல்லூருக்குப் போய்விடுவேன்.